விருந்தினர் சொல்லும் வீட்டுக்காரர் குரலும்

மகாநாடு என்ற மாத்திரத்தில் மேடையும் மாலையும் சொற்பெருக்கும் நம் கண்முன் வந்து நிற்கின்றன. பேச வருபவர் யாவர் என்று ஆவலோடு வினவுகின்றோம். கேட்க வருபவர் யாவர் என்று வினவுவார் அரியர். பிற மகாநாடுகளில் இது பெருங்குறையாகாது. அங்கே கேட்க வருவோர் விருந்தினர். அழைத்தவர் பரிமாறியதை உண்டு மீள்வதோடு அவர் கடமை முடிந்தது. கூட்டுறவுச் சங்கத்தின் மகாநாடோ வேறு இயல்பினது. அங்கே கீழே விசிப்பலகையில் அமர்ந்திருப்பவரே வீட்டுக்காரர். மேடைமீது நிற்பவர், அவர் எத்துணைப் பெரியாராயினும், விருந்தினரே. இம்முறை மாறி, வீட்டுக்காரர் வெறும் கேட்போராய்ப் போய்விடின், சங்கம் என்ற பெயர் நிற்கும், பொருள் நில்லாது. இதனையே யாம் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு அமெரிக்க நாட்டுக் கிராமங்களின் மின்சாரக் கூட்டுறவுச் சங்கங்களாம். அந்நாட்டுக் கிராமத்து விளக்கோடு எமக்கென்ன உறவு என்று அன்பர்கள் கேட்கலாம். யாம் பிறந்து வளர்ந்தது ரப்பர்த் தோட்டத்து லயத்தில். அந்நாளில் தோட்டத்து இயந்திரம் ஓடும்வரை எமக்கு வெளிச்சம். அது நின்றால் இருள். எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்பது நிருவாகத்தின் விருப்பம். அங்ஙனம் வளர்ந்த எமக்கு, குடியானவர்கள் தாமே கூடித் தம் மின்கம்பிகளுக்குத் தாமே உடைமையாளரானார் என்ற வரலாறு பெரு வியப்பைத் தந்தது. ஆங்கிலப் பள்ளியில் பயின்ற பழக்கத்தால் அவர்தம் கூட்டங்களில் நிகழ்ந்த பிரசங்கங்கள் சிலவற்றைத் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க எம் மனம் பேசினவரை விட்டுக் கேட்டவர்பால் சென்றது.

அவ்வரலாற்றைச் சுருங்கச் சொல்வோம். 1930களின் நடுவில் அமெரிக்க நகரங்களில் பத்து வீடுகளில் ஒன்பதுக்கு மின்சாரம் இருந்தது. பண்ணை வீடுகளிலோ பத்தில் ஒன்றுக்கே இருந்தது. வீடுகள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருத்தலின் கம்பி இழுத்தல் இலாபந் தாராது என்று தனியார் கம்பெனிகள் கைவிரித்தன. மைல் ஒன்றுக்கு 1,500 முதல் 2,000 டாலர் வரை செலவாகும் என்றன. 1935ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கிராம மின்மயமாக்கல் நிருவாகத்தை ஏற்படுத்தினார். செனட்டர் ஜார்ஜ் நாரிஸ், டெக்ஸாஸ் பிரதிநிதி சாம் ரேபர்ன் ஆகியோர் கொணர்ந்த மசோதா 1936இல் சட்டமாயிற்று. கடன் கொடுக்கச் சர்க்கார் முன்வந்தும், கம்பெனிகள் அதனை வாங்கிக் கிராமத்துக்குள் வர முந்தவில்லை. குடியானவர்களே சங்கம் அமைத்தனர். ஊர்க்காரர் சிலர் வீடு வீடாய் நடந்து, குடும்பத்துக்கு ஐந்து டாலர் வீதம் அங்கத்தினர் கட்டணம் பெற்றனர். அப்பஞ்ச காலத்தில் ஐந்து டாலர் எளிதில் கைவிட்டுப் போகும் பணமன்று. அதனைக் கொடுத்தவர் தம் நிலத்தின் வழியே கம்பி செல்லவும் இசைந்தனர். எளிய அமைப்பாலும் சிக்கன முறைகளாலும் கம்பிச் செலவு மைலுக்கு 1,000 டாலருக்குக் கீழ் இறங்கிற்று. பத்து ஏக்கர் உடையவர்க்கும் ஆயிரம் ஏக்கர் உடையவர்க்கும் ஆளுக்கு ஒரு வாக்கே என்பது சங்கத்தின் முதல் விதி.

இச்சங்கங்கள் 1942இல் ஒன்றுகூடித் தேசியச் சங்கம் ஒன்றை நிறுவின. அர்க்கன்ஸாஸ் மாகாணத்துப் பிரதிநிதியாய் இருந்த கிளைட் எல்லிஸ் அதன் முதற் பொது நிர்வாகி. இன்று ஏறத்தாழ 900 சங்கங்கள் அதன்கீழ் உள்ளன. ஆண்டுதோறும் அவை மகாநாடு கூடுகின்றன. சிறு சங்கங்களின் ஆண்டுக் கூட்டங்களும் புதுக் கம்பிகளின் தொடக்க விழாக்களும் வேறு. இவற்றின் மேடைகளில் தோன்றிய விருந்தினர் மூவரை இனிக் காண்போம்.

முதல்வர் ரூஸ்வெல்ட்டே. 1938ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், ஜார்ஜியா மாகாணத்துப் பார்ன்ஸ்வில் என்னும் ஊரில், லமார் மின்சாரச் சங்கத்தின் தொடக்க விழாவுக்கு அவர் வந்தார். தம் கதை ஒன்றை அவர் சொன்னார். நோயுற்ற தம் கால்களுக்கு நலந்தேடி, அவ்வூருக்கு அண்மையிலுள்ள வெந்நீர் ஊற்றை நாடி வந்து அவர் சிறு குடில் ஒன்றில் தங்கியிருந்தார். மாத முதலில் மின்சாரச் சீட்டு வந்தது. ஒரு யூனிட்டுக்குப் பதினெட்டு சென்ட். நியூயார்க்கு மாகாணத்தில் தம் சொந்த வீட்டில் அவர் கொடுத்ததைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு! மின்சார விலையைப்பற்றிய தம் ஆராய்ச்சி அச்சீட்டிலே தொடங்கிற்றென்றும், கிராம மின்மயமாக்கல் பிறந்த இடம் அக்குடிலே என்றும் அவர் கூறினார். கேட்ட குடியானவர் ஒவ்வொருவர்க்கும் அச்சீட்டு எத்தகையது என்று தெரியும். நாட்டின் தலைவர் தம்மைப்போல் ஒரு சீட்டைக் கையிலேந்தி மலைத்தவர் என்று அறிந்தபோது, மேடைக்கும் தரைக்கும் இருந்த தூரம் குறைந்திருக்கும் அன்றோ?

ஆயினும் அப்பேச்சு அத்தோடு நின்றதன்று. அதே மேடையில் வால்டர் ஜார்ஜ் என்ற செனட்டர் வீற்றிருந்தார். அவர் ரூஸ்வெல்ட்டின் கட்சியினரே எனினும் அவர்தம் சீர்திருத்தங்கள் சிலவற்றுக்கு இணங்காதவர். அவரை அருகிருத்திக்கொண்டே, அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தல் வேண்டா என்று ஜனாதிபதி ஜார்ஜியா மக்களிடம் கூறினார். ஜார்ஜ் எழுந்து, அவ்வறைகூவலை ஏற்பதாகச் சொல்லிக் கைகுலுக்கினார். மறுமாதத்துக் கட்சித் தேர்தலில் ஜார்ஜே வென்றார். அவ்விழாவைப்பற்றி வரலாற்று நூல்கள் பெரிதும் பேசுவது இவ்வழக்கையே; ஐந்து டாலர் கொடுத்துக் கம்பி இழுத்த குடும்பங்களைப்பற்றி அவற்றில் ஓரிரு வரிகளே. கல்யாண வீட்டுக்கு வந்த பெரியவர் தம் பங்காளி வழக்கைப் பந்தலில் அவிழ்த்தால் மணமக்களை யார் நினைப்பார்? ரூஸ்வெல்ட் இச்சங்கங்களுக்குச் செய்த நன்மை அளவிடற்கரியது. நன்மை செய்தவரேயாயினும், பிறர் வீட்டு விழாவைத் தம் காரியத்துக்குக் கருவியாக்குதல் முறையாகாது என்பதே எம் துணிபு.

இரண்டாமவர் ஒரு பெண்மணி. லூயிஸன் மேமர் என்பது பெயர். அவர் மின்மயமாக்கல் நிருவாகத்தில் மனையியல் துறை அலுவலர். 1938இல் அயோவா மாகாணத்தில் தொடங்கி 1941 வரை அந்நிருவாகம் பெரிய கூடாரம் ஒன்றோடு மாகாணம் மாகாணமாய்ச் சென்றது. மக்கள் அதனைச் சர்க்கஸ் என்றே அழைத்தனர். அக்கூடாரத்தில் மேமர் அம்மையார் மின்னடுப்பை மூட்டிச் சமைத்துக் காட்டுவார்; சலவை இயந்திரம், தண்ணீர்ப் பம்பு முதலியவற்றைப் பயன்படுத்தும் முறையும் அங்கே விளக்கப்பட்டது. ஊர்ப் பெரிய மனிதர் இருவரை மேடைக்கு அழைத்துப் போட்டியாகச் சமைக்கச் செய்வதும் உண்டு. அடுப்பைத் தொட்டறியாத ஆடவர் மேடையில் திணறக் கண்டு மகளிர் சிரித்திருப்பர். சிரிப்பினிடையே ஒரு சீர்திருத்தமும் நுழைந்திருக்கும். கிணற்றிலிருந்து நாள்தோறும் நீர் சுமந்து, விறகடுப்பின் முன் வெந்து, துணி வெளுத்து முதுகு கூனிய அம்மகளிர்க்கு மின்சாரத்தின் பெருமையை எவரும் வருணித்துக் காட்ட வேண்டியதில்லை. எவ்வளவு செலவாகும், எப்படித் தொடுவது, ஆபத்து உண்டா என்பனவே அவர்தம் கேள்விகள். அவற்றுக்கு விடை அம்மேசைமேலேயே கிடைத்தது. கேட்பவர் கையருகே கொண்டுவந்து காட்டத்தக்க பிரசங்கம் இதுவே.

மூன்றாமவர் ஜனாதிபதி ஐஸன்ஹோவர். 1959ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் வாஷிங்டனில் கூடிய தேசியச் சங்கத்தின் மகாநாட்டில் அவர் பேசினார். 1944ஆம் ஆண்டுச் சட்டப்படி இச்சங்கங்களுக்கு நூற்றுக்கு இரண்டு வட்டியில், 35 ஆண்டுத் தவணையில் சர்க்கார் கடன் கொடுத்து வந்தது. 1959இல் சர்க்காரே அதற்கு மேற்பட்ட வட்டிக்குத்தான் கடன் வாங்க முடிந்தது. பண்ணைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை மின்சாரம் பெற்றுவிட்டன; சங்கங்கள் வளர்ந்து வலுப்பெற்றுவிட்டன; ஆதலின் சர்க்காருக்கு ஆகும் வட்டியையேனும் அவை கொடுத்தல் நியாயம் என்று அவர் அம்மேடையிலேயே எடுத்துரைத்தார். எல்லிஸும் அவரைச் சார்ந்தோரும் அதனை ஒப்பவில்லை. நகரத்துக் கம்பெனிக்கு மைலுக்குப் பல வீடுகள். கிராமச் சங்கத்துக்கோ சில வீடுகளே. ஆதலின் குறைந்த வட்டி சலுகையன்று, சமநிலையே என்பது அவர்தம் வாதம். இருபுறத்தும் நியாயம் இருக்கக் காண்கின்றோம்.

வழக்கை எவர் வென்றார் என்பது எமக்கு முக்கியமன்று. அதன்பின் நிகழ்ந்ததை நோக்குக. பத்தாண்டு கழித்து, 1969இல், இச்சங்கங்கள் தமக்கெனத் தேசிய நிதி நிறுவனம் ஒன்றை அமைத்து, சர்க்காரின் பணத்தோடு தனியார் பணத்தையும் கடனாய்த் திரட்ட முற்பட்டன. 1973இல் சட்டம் மாறி, எல்லார்க்கும் இரண்டு வட்டி என்ற நிலை முடிவுற்றது. கசப்பான சொல்லை நேரிற் கேட்டு, அதனோடு வாதாடி, காலம் வந்தபோது தம் கால்களில் நிற்கவும் அவை வழி தேடின. பரிசில் வேண்டிப் பாடும் புலவரையே அழைத்திருப்பின் இவ்வாதத்துக்கு இடமேது? விருந்தினர் முகத்துக்கு நேரே மெய் கூறினார். வீட்டுக்காரரும் முகத்துக்கு நேரே மறுத்தனர். கூட்டுறவு மகாநாடு இங்ஙனம் இருத்தலே சிறப்பு.

இம்மூவரையும் விஞ்சிய பேச்சு ஒன்று அச்சங்கத்தாரிடையே வழங்குகின்றது. அதனைப் பேசியவர் விருந்தினர் அல்லர். டென்னஸி மாகாணத்துக் குடியானவர் ஒருவர். 1940களின் தொடக்கத்தில் தேவாலயத்தில் சாட்சி கூற எழுந்த அவர், உலகில் தலைசிறந்தது உள்ளத்தில் இறைவனின் அன்பு, அதற்கு அடுத்தது வீட்டில் மின்சாரம் என்று சொன்னாராம். சமய விஷயத்தில் எம் கருத்து எதுவாயினும் ஆகுக. அவ்விரண்டாம் பகுதியை அவர் நூலிற் படித்துச் சொன்னாரல்லர். நேற்றுவரை இருந்த இருளையும் இன்று வந்த ஒளியையும் ஒரே உடம்பால் அறிந்து சொன்னார். விலை கொடுத்து அழைக்கப்படும் எந்தப் பிரசங்கியிடமும் அது கிடைப்பதன்று.

இனி, வீட்டுக்காரர் வாய்மூடினால் நேர்வது யாது என்பதையும் காண்போம். டெக்ஸாஸ் மாகாணத்துப் பெடர்னலெஸ் சங்கம் 1938இல் தோன்றியது. மைலுக்கு மூன்று வீடுகளேனும் வேண்டும் என்ற விதிக்கு அம்மேட்டு நிலம் உட்படாதபோது, இளம் பிரதிநிதியாய் இருந்த லிண்டன் ஜான்ஸன் ரூஸ்வெல்ட்டிடமே சென்று முறையிட்டுக் கடன் பெற்றுத் தந்தார்; அவரே பிற்காலத்தில் ஜனாதிபதியானவர். இத்துணைப் பெருமையுடன் பிறந்த சங்கம் நாளடைவில் நாட்டின் மிகப் பெரிய மின்சாரச் சங்கங்களுள் ஒன்றாயிற்று. ஆனால் இயக்குநர் தெரிந்தெடுத்த குழுவே அடுத்த இயக்குநர்க்கு வேட்பாளரை நிறுத்தும் வழக்கம் அங்கே வேரூன்றிற்று. ஆண்டுக் கூட்டம் ஆண்டுதோறும் நடந்தது, ஆட்சியோ கைமாறவில்லை. 2007இல் அங்கத்தினர் சிலர் வழக்குத் தொடுத்தபின்னரே, இயக்குநர்களின் ஆடம்பர விடுதிச் செலவும் உயர்ந்த வகுப்புப் பிரயாணச் செலவும் ஊரறிய வெளிவந்தன. 2008இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் குழு ஒன்று அதனை விசாரித்தது. அவ்வாண்டே அங்கத்தினர் திறந்த தேர்தலில் இயக்குநரைத் தேர்ந்தனர். தென் கரோலினாவின் டிரை-கவுண்டி சங்கத்திலும் இயக்குநர் தமக்குத் தாமே எடுத்துக்கொண்ட ஊதியம் 2018இல் வெளியாயிற்று. அங்கத்தினர் கையெழுத்துத் திரட்டிச் சிறப்புக் கூட்டம் கூட்டி, ஆகஸ்டு மாதத்தில் இயக்குநர் குழு முழுவதையும் வாக்களித்து அகற்றினர். ஒருநாட் கூட்டத்தில் அவர் செய்த வேலையை எத்தனை நன்னெறிப் பிரசங்கங்கள் செய்திருக்கக் கூடும்?

இவை கடல்கடந்த கதைகள் என்று எம்மவர் தள்ளிவிடலாகாது. மலாயாவில் 1922இல் கூட்டுறவுச் சட்டம் ஏற்பட்டதிலிருந்து தோட்டத் தொழிலாளர் சிக்கனச் சங்கங்கள் அமைத்து வந்துள்ளனர். தமிழ்த் தொழிலாளியின் சேமிப்பு என்பது பெரும்பாலும் அவற்றின் ஏட்டிலே இருந்தது. யாம் தோட்டக் கிராணியாதலின் இத்தகைய கூட்டங்கள் சிலவற்றில் அமர்ந்திருக்கின்றோம். பெயர் கூற வேண்டாத ஒரு சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் எம் நினைவில் நிற்கின்றது. சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் உழைப்பின் மேன்மையைப்பற்றிப் பேசினார். கேட்டிருந்தவரோ விடியுமுன் எழுந்து முப்பது ஆண்டு மரம் வெட்டியவர்கள். பேச்சு முடிந்ததும் பொன்னாடை, பின் புகைப்படம், பின் சோறு ஆறிவிடும் என்ற அவசரம். அப்போது முதியவள் ஒருத்தி எழுந்து, தன் சேமிப்புக்கு இவ்வாண்டு ஈவு ஏன் ஏட்டில் ஏறவில்லை என்று கேட்டாள். நேரமில்லை, எழுத்து மூலம் அனுப்புக என்று விடை வந்தது. அவள் எழுத்தறியாதவள். மறுநாள் எம்மிடம் வந்து, "என் காசு எங்கே நிக்குதுன்னுதானே கேட்டேன் தம்பி, அதுக்கா நேரமில்ல?" என்றாள். அவளுக்காக யாம் கடிதம் எழுதிக் கொடுத்தோம். நான்கு மாதங்கழித்து விடை வந்தது. ஈவு ஏறியே இருந்தது. அவள் ஏட்டில் பதியும் வேலைதான் தாமதப்பட்டிருந்தது. பணத்துக்கு மோசமில்லை. ஆனால் இரண்டு நிமிடத்தில் தீரவேண்டிய மனக்கலக்கத்தை நான்கு மாதம் அவள் சுமந்தாள். தன் பணம் தன்னுடையதுதானா என்ற ஐயம் அவள் நெஞ்சில் அத்தனை நாளும் இருந்தது. அவ்வையம் குடிகொண்ட நெஞ்சில் கூட்டுறவு எங்ஙனம் வளரும்?

விருந்தினர் வேண்டாவோ என்று சிலர் கேட்பர். வேண்டும் என்றே சொல்வோம். கிணற்றிலே கிடந்து கிணறே உலகென்று கருதாமைப்பொருட்டு வெளியார் சொல் இன்றியமையாதது. ஐஸன்ஹோவர் சொன்ன வட்டிக் கணக்கை அம்மகாநாட்டுத் தலைவர்கள் தாமே தம்மவர்க்குச் சொல்லத் துணிந்திருப்பாரோ? மேமர் அம்மையார் கற்பித்ததை ஊருக்குள் அறிந்திருந்தவர் யார்? ஆகவே அழைப்பது குற்றமன்று. அழைத்தபின் அவரை எவ்விடத்தில் இருத்துகின்றோம் என்பதே ஆராயத்தக்கது.

இவ்விஷயத்தில் எம் யோசனை எளிது. கணக்கு முதலில் வரட்டும். கேள்வி அதன்பின் வரட்டும். விருந்தினர் உரை அவற்றுக்குப் பின்னர் வரட்டும். அங்கத்தினர் கேட்கும் கேள்விகளை விருந்தினர் முதலில் அமர்ந்து கேட்கட்டும். கேட்டால் உழைப்பாளிக்கு உழைப்பின் பெருமையை உபதேசிக்கும் எண்ணம் தானே ஒழியும். பேசி முடித்தபின் அவரும் கேள்விக்கு உட்படட்டும். விடை கூறத் தயங்குபவர்க்கு மாலையொன்று இட்டு வாயிலிலேயே வணங்கி விடலாம். அவருக்குக் கொடுத்த பணமும் பொன்னாடைச் செலவும் அடுத்த ஆண்டுக் கணக்கில் தனி வரியாய் அச்சேறட்டும். வரவேற்ற பெருமை தலைவர்க்கும் செலவு அங்கத்தினர்க்கும் என்ற பாகப்பிரிவினை இனி வேண்டா.

ஆளுக்கு ஒரு வாக்கு என்பது சட்டப் புத்தகத்தில் எழுதியிருப்பதால் மட்டும் உயிர் பெறாது. வாக்கு என்ற தமிழ்ச் சொல்லுக்கே இரு பொருள் உண்டு: தேர்தலில் இடும் சீட்டும் அதுவே, வாய் திறந்து சொல்லும் சொல்லும் அதுவே. பின்னதை இழந்தவர் முன்னதையும் இழப்பர். ஆதலின் தோட்டத்துச் சகோதர சகோதரிகளே! அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு அழைப்புத் தாள் வந்ததும், அதில் யார் பேசுகிறார் என்று பாருங்கள். உங்கள் கேள்விக்கு எத்தனை நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். நிமிடம் ஒன்றும் இல்லையாயின், கூட்டத்துக்கு முன்னரே சென்று கேட்டு வாங்குங்கள். சங்கம் உங்களுடையது.